பிளட் லைற்றின் கதை: ஹலோஜன் முதல் எல்.ஈ.டி. வரை

1878 ஆம் ஆண்டு ஒக்டோபர் 14 ஆம் திகதி இரவு, இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் உள்ள பிறமால் லேன் மைதானத்தில் ஓர் உதைபந்தாட்டப் போட்டி நடைபெற்றது. ஆடியவர்கள் உள்ளூர் வீரர்களே. கிண்ணம் எதுவும் பந்தயத்தில் இருக்கவில்லை. ஆயினும் அந்தப் போட்டி உலக வரலாற்றில் இடம்பிடித்துக்கொண்டது. மைதானத்தின் நான்கு மூலைகளிலும் மரக் கோபுரங்களை நாட்டி, அவற்றின் உச்சியில் மின்வில் விளக்குகளைப் பொருத்தி, நீராவி இயந்திரங்களால் சுழலும் தைனமோக்களிலிருந்து மின்சாரம் கொடுத்து, இரவைப் பகலாக்கி ஆடிய ஆட்டம் அது. மின்னொளியில் நடந்த முதலாவது உதைபந்தாட்டப் போட்டி என்று அதனையே குறிப்பிடுகின்றனர்.

அன்று நுழைவுக் கட்டணம் செலுத்தியவர்கள் ஏறக்குறைய 12,000 பேர் என்றும், உள்ளே நின்று பார்த்தவர்கள் அதனிலும் பல ஆயிரம் பேர் கூடுதலானவர்கள் என்றும் பதிவாகியிருக்கிறது. மிகுதிப்பேர் எவ்வாறு நுழைந்தார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று. மைதானத்தின் நடுவே கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் இருக்கும்போது, அதன் விளிம்பில் இருக்கும் இருட்டு முன்னரிலும் பார்க்கக் கறுப்பாகிவிடும். வாயிற்காவலரின் கண்கள் வெளிச்சத்துக்குப் பழகிவிட்டால் வேலியோரம் நகரும் நிழல் அவருக்குத் தெரியாது. இந்தச் சிறு விடயத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டு மதிலில் மாட்டும் விளக்கைப் பற்றிப் பேசும்போது இதே விடயம் திரும்பவும் வரும்.

மின்வில் விளக்கு என்பது இரண்டு கரிக்கோல்களுக்கிடையே மின்பொறியைத் தொடர்ந்து பாயவிடுவதாகும். அதன் ஒளி அளவுகடந்தது. வீட்டுக்குள் வைத்திருக்க முடியாதது. எனவே அது வெளியிலேயே வாழ்ந்தது. அதே 1878 இல் பாரிஸ் நகரின் ஒப்பரா வீதியில் யாப்ளொச்கோவ் என்ற உருசியரின் மின்வில் விளக்குகள் எரிந்தன. ஐக்கிய அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரத்தார் 1894 - 1895 காலப்பகுதியில் 165 அடி உயரமான 31 இரும்புக் கோபுரங்களை எழுப்பி, அவற்றின் மேல் இவ்விளக்குகளை வைத்து, நகரம் முழுவதற்கும் செயற்கை நிலவு காட்டினார்கள். அவற்றுட் சில இன்றும் நிற்கின்றன. ‘நிலவுக் கோபுரம்’ என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

அந்த நாட்களில் இத்தகைய ஒளி பொதுச் சொத்தாகவே இருந்தது. நகரசபை, துறைமுகம், விளையாட்டரங்கு, படைமுகாம் ஆகியவற்றைத் தவிர வேறு எவராலும் அதனை வைத்திருக்க இயலாது. தனியொரு குடும்பம் தனது முற்றத்துக்கு ஒரு மைதான விளக்கை வாங்கி மாட்டலாம் என்ற எண்ணமே எவருக்கும் தோன்றியிராது. அந்த எண்ணத்தைச் சாத்தியமாக்கியது ஒரு சிறு குவாட்ஸ் குழாய்.

அக்குழாய் ஆகாய விமானத்திலிருந்து வந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1950 களில் ஜெற் விமானங்களின் சிறகு நுனியில் பொருத்துவதற்குச் சிறிய, ஆனால் வலிமையான விளக்கொன்று தேவைப்பட்டது. சாதாரண மின்குமிழைச் சிறிதாக்கினால் அது விரைவிலே கறுத்துவிடும். சூடேறிய டங்ஸ்டன் இழையிலிருந்து உலோகம் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் படிவதே காரணம். ஜெனரல் இலெக்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த எல்மர் ஃபிரிட்ரிச், எமெற் வைலி ஆகிய இருவரும் குமிழுக்குள் சிறிதளவு அயடீனைச் சேர்த்து இதற்கு வழி கண்டனர். ஆவியான டங்ஸ்டனை அயடீன் பற்றிக்கொள்ளும். கொண்டுபோய் இழையிலேயே திரும்ப விட்டுவிடும். சுவர் கறுக்காது. ஆனால் இந்தச் சுழற்சி நடைபெறுவதற்குக் குமிழின் சுவர் மிகக் கடுமையாகச் சூடாகியிருக்க வேண்டும். சாதாரண கண்ணாடி அதனைத் தாங்காது. ஆகவே குவாட்ஸைப் பயன்படுத்தினார்கள். 1959 இல் அவர்களுக்குக் காப்புரிமை கிடைத்தது.

பென்சில் தடிப்பில், இரு முனையிலும் வெள்ளைப் பீங்கான் மூடியுடன், விரலால் தொடக்கூடாது என்ற எச்சரிக்கையோடு கடையில் விற்ற அந்த 500 வாற்றுக் குழாயை எமது வயதினர் அனைவரும் அறிவார்கள். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் குவாட்ஸ் பழுதாகிவிடும் என்பதாலேயே அந்த எச்சரிக்கை. கிடையாக மாட்டாமல் சரித்து மாட்டினால் அதன் ஆயுள் குறைந்துவிடும் என்பதை விற்பவர் சொல்வதில்லை. சதுர அலுமினியப் பெட்டி, உள்ளே பளபளக்கும் தகடு, முன்னே தடித்த கண்ணாடி. பிளட் லைற் என்றால் எமக்கெல்லாம் அதுதான். கல்யாண வீட்டுப் பந்தல், கோயில் திருவிழா, கரப்பந்தாட்டத் திடல் என்று எங்கும் அதுவே பெற்றோமக்ஸின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

எமது நாட்டில் இந்த விளக்குக்கு வேறொரு வாழ்க்கையும் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமையடையாது.

1990 இல் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் பஞ்சும் இட்டு, மெல்லிய திரியில் ஒரு பொட்டுச் சுடரை ஏற்றி, அதன் அடியில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். அதே இரவில் வானத்திலிருந்து பரா லைற் இறங்கும். ஊர் முழுவதும் வெள்ளை வெளேரென்று தெரியும். வீட்டுக்குள் வேண்டிய வெளிச்சம் இல்லை. வெளியில் வேண்டாத வெளிச்சம் வந்து இறங்கியது. படைமுகாம்களின் சுற்றுவேலியில் மின்பிறப்பாக்கியின் துணையோடு எரிந்த விளக்குகள் வெளிப்பக்கம் பார்த்தே எரிந்தன. தெற்கிலும் சோதனைச் சாவடிகளில் அதே ஏற்பாடுதான். பத்திரிகைக் காரியாலயத்தில் இரவுக் கடமை முடித்து வீடு திரும்பிய எம்மில் பலர், முகத்துக்கு நேரே பாய்ச்சிய ஒளியின் முன் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறோம். நிற்பவரின் மூக்கு, கண், சட்டைப் பொத்தான் எல்லாம் தெரியும். விளக்கின் பின்னால் நிற்பவர் யாரென்று தெரியாது. அந்த விளக்கு அமைக்கப்பட்டதன் நோக்கமே அதுதான்.

காவலரணின் இந்த முறையே பின்னர் எமது வீட்டு மதில்களுக்கு வந்தது என்பது எனது கணிப்பு. முற்றத்துக்கான விளக்கு முற்றத்தைப் பார்த்தல்லவா இருக்க வேண்டும்? ஆனால் எமது நகர்ப்புற வீடுகளில் பிளட் லைற் மதிலின் மேல் ஏறி, ஒழுங்கையைப் பார்த்து, போகிறவர் வருகிறவரின் முகத்தில் அடிக்கும்படி மாட்டப்படுகிறது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. நாளடைவில் சாவடிகள் அகற்றப்பட்டன. மதில் விளக்குகள் கழற்றப்படவில்லை.

அவற்றைக் கழற்ற வைத்தது மின்கட்டணம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியதையும், வீதி விளக்குகளை அணைக்குமாறு அரசாங்கம் பணித்ததையும் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம். 500 வாற்று ஹலோஜன் விளக்கொன்று இரவில் ஆறு மணித்தியாலம் எரிந்தால் 3 அலகு. மாதத்துக்கு 90 அலகு. சிறிய குடும்பமொன்றின் முழு மாத நுகர்வுக்குச் சமமான மின்சாரத்தை மதில் விளக்கு ஒன்றே தின்றுவிடும். படிமுறைக் கட்டணத்தில் அது குடும்பத்தை மேற்படிக்குத் தள்ளிவிடும் என்பது தனிக்கதை. இந்த மின்சாரத்தின் பெரும்பகுதி ஒளியாகவும் மாறவில்லை, வெப்பமாகவே வெளியேறியது. மழைக்காலத்தில் அந்தப் பெட்டியின் முன்கண்ணாடியில் தூறல் பட்டுச் சீறும் ஓசையைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2018 செப்ரெம்பரில் பெரும்பாலான வீட்டு ஹலோஜன் குமிழ்களைச் சந்தையிலிருந்து விலக்கியது. பிளட் லைற்றின் நீண்ட குழாய்களுள் வலுக்கூடியவற்றுக்கு 2021 இல் முறை வந்தது. எமது நாட்டில் சட்டம் செய்யாததைப் பணமுடை செய்தது. 

இனி எல்.ஈ.டி.க்கு வருவோம். ஒளிகாலும் இருவாயி என்று எமது பாடநூல்கள் கூறும் இப்பொருள் புதியதன்று. 1962 இல் நிக் ஹொலொன்யாக் கண்களுக்குப் புலப்படும் சிவப்பு ஒளி தரும் இருவாயியைச் செய்து காட்டினார். வானொலிப்பெட்டி, கணிப்பான் ஆகியவற்றில் சிவப்புப் பொட்டாக மின்னியது அதுவே. பச்சையும் பின்னர் வந்தது. நீலம் மட்டும் வரவில்லை. நீலம் இன்றி வெள்ளையொளி இல்லை. வெள்ளையொளி இன்றி வீட்டு விளக்கும் இல்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகின் பெரிய ஆய்வுகூடங்கள் இதில் முட்டி மோதின. கலியம் நைத்திரைட்டு என்ற பொருள் நீலம் தரும் என்பது தெரியும். ஆனால் அதனைப் பழுதில்லாத பளிங்காக வளர்க்க முடியவில்லை. பெரும்பாலானோர் அதனைக் கைவிட்டு வேறு பொருளை நாடினர்.

கைவிடாதவர்களுள் யப்பானின் நகோயா பல்கலைக்கழகப் பேராசிரியர் இசாமு அக்காசாக்கியும் அவரது மாணவர் ஹிரோஷி அமானோவும் முக்கியமானவர்கள். 1986 இல் அவர்கள் நீலக்கல் தகட்டின் மேல் அலுமினியம் நைத்திரைட்டுப் படலமொன்றை மெல்லியதாக இட்டு, அதன்மேல் கலியம் நைத்திரைட்டை நல்ல பளிங்காக வளர்த்துக் காட்டினர். நீலக்கல் என்றதும் இரத்தினபுரியை நினைக்கும் எமது வாசகர்களுக்கு ஒரு செய்தி. பொருள் ஒன்றே, இரண்டும் அலுமினியம் ஒட்சைட்டுத்தான். ஆனால் இது ஆய்வுகூடத்தில் வளர்த்த நிறமற்ற கல்.

மூன்றாமவரின் கதையே எனக்கு அதிகம் பிடித்தது. ஷூஜி நக்கமுரா பெரிய பல்கலைக்கழகத்தில் இருந்தவரல்லர். ஷிக்கொக்கு தீவின் அனான் என்ற சிறு நகரில், ஒளிர்பூச்சுகளைத் தயாரித்து விற்ற நிச்சியா என்ற நிறுவனத்தின் ஊழியர். பளிங்கு வளர்க்கும் உலையைத் தாமே பிரித்து, வளைத்து, ஒட்டி, இரு திசைகளிலிருந்து வாயுவைச் செலுத்தும் முறையொன்றை வகுத்தார். 1993 இல் நிச்சியா பிரகாசமான நீல எல்.ஈ.டி.யை அறிவித்தது. 1996 இல் அந்த நீலத்தின் மேல் மஞ்சள் ஒளிர்பூச்சைப் பூசி வெள்ளையொளியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பழைய வியாபாரமான ஒளிர்பூச்சு இவ்விடத்தில் கைகொடுத்ததைக் கவனிக்கவும்.

இதற்காக நக்கமுராவுக்கு நிறுவனம் வழங்கிய சன்மானம் 20,000 யென். சாதாரண மனிதர் ஒருவரின் சில நாள் வேதனம் என்று கொள்ளலாம். அவர் அமெரிக்கா சென்றார். 2001 இல் வழக்குத் தொடுத்தார். 2004 ஜனவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் வழங்குமாறு தீர்ப்பளித்தது. நிறுவனம் மேன்முறையீடு செய்ததை அடுத்து 2005 இல் ஏறத்தாழ 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஏற்பட்டது. எசமான விசுவாசத்தை உயிராகக் கொண்ட யப்பானியத் தொழில் உலகில் இவ்வழக்கு ஏற்படுத்திய அதிர்ச்சி சாதாரணமானதன்று. 2014 இல் மூவருக்கும் பௌதிகவியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. அக்காசாக்கி 2021 இல் காலமானார்.

மின்சாரத்தின் விலை இருந்த காலம்வரை விளக்கின் எண்ணிக்கைக்கும் ஓர் எல்லை இருந்தது. 500 வாற்று விளக்கை விடிய விடிய எரிய விடுவதற்கு எவருக்கும் மனம் வராது. வீட்டுக்காரரே பத்து மணிக்கு எழுந்து போய் அணைத்துவிடுவார். எல்.ஈ.டி. அந்த எல்லையை நீக்கிவிட்டது. நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் இயந்திரம் வந்தால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடும் என்று ஸ்ரான்லி ஜெவொன்ஸ் 1865 இல் எழுதினார். விளக்கின் விடயத்திலும் அவர் கூற்று பொய்க்கவில்லை. 2012 முதல் 2016 வரை பூமியில் செயற்கை ஒளி பட்ட பரப்பு ஆண்டுக்கு 2.2 சதவீதம் விரிந்ததாகச் செய்மதிப் படங்களை ஆராய்ந்தவர்கள் 2017 இல் அறிவித்தார்கள். அந்தச் செய்மதிக்கு நீல ஒளியைச் சரிவரக் காணும் ஆற்றல் இல்லை. எனவே உண்மை அதனிலும் கூடியதாகவே இருக்கும்.

வெள்ளையொளியின் குளிர்ந்த நிறமும் தொல்லையானது. கலிபோர்னியாவின் டேவிஸ் நகரம் 2014 இல் தெருக்களுக்குப் புதிய எல்.ஈ.டி. விளக்குகளை மாட்டியபோது, கண் கூசுகிறது, படுக்கையறைக்குள் வருகிறது என்று மக்கள் முறையிட்டனர். மாட்டிய விளக்குகளுள் ஏறக்குறைய 650 ஐ மீளக் கழற்றி, மஞ்சள் சார்ந்த மென்னொளி விளக்குகளை நகரசபை பொருத்த நேர்ந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016 இல், வீதி விளக்குகள் 3000 கெல்வினுக்கு மேற்படலாகாது என்று ஆலோசனை கூறியது. கெல்வின் எண் கூடக்கூட ஒளியில் நீலம் கூடும். நீலம் கூடினால் உறக்கத்துக்குரிய மெலற்றோனின் சுரப்புக் குறையும். எமது கடைகளில் பிளட் லைற் என்று கேட்டால் 6500 கெல்வினையே எடுத்து நீட்டுகிறார்கள். வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் கூட என்பது விற்பவர், வாங்குபவர் இருவரினதும் நம்பிக்கை.

எமது ஒழுங்கையில் எண்பது வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருக்கிறார். அயலில் ஒரு களவு நடந்ததன் பின் பழைய ஹலோஜனைக் கழற்றிவிட்டு 100 வாற்று எல்.ஈ.டி. ஒன்றை மதிலில் மாட்டினார். அதன் ஒளி அவரது வீட்டில் விழுந்ததை விட எனது படுக்கையறைச் சுவரில் விழுந்ததே அதிகம். ஒருநாள் பேச்சை எடுத்தேன். “தம்பி, வெளிச்சம் இருந்தால் கள்ளன் வரமாட்டான்” என்றார். அச்சத்தோடு தர்க்கம் செய்வதில் பயனில்லை. “அண்ணை, ஒருக்கால் றோட்டுக்கு வாருங்கோ” என்று அழைத்துச் சென்றேன். அவரது பேரனை மதிலின் உட்புறம், விளக்குக்குச் சற்று அருகே, படலையோரம் நிற்கச் சொன்னோம். ஒழுங்கையிலிருந்து பார்த்தபோது வெள்ளைப் பிழம்பைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. உள்ளங்கையை உயர்த்தி விளக்கை மறைத்ததும் பையன் சிரித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. முதியவர் இரண்டு மூன்று தடவை கையை உயர்த்தியும் இறக்கியும் பார்த்தார். “அப்ப கள்ளனுக்குத்தான் நான் லைற் போட்டிருக்கிறன்” என்றார்.

மறுநாள் மின்னிணைப்பு வேலை செய்யும் இளைஞர் வந்து, விளக்கைக் கூரை விளிம்புக்கு மாற்றி, முகத்தை நிலத்தை நோக்கிச் சரித்துவிட்டார். 100 வாற்றுக்குப் பதிலாக 20 வாற்று, 3000 கெல்வின். ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் உணரி ஒன்றையும் சேர்த்தார். திடீரென்று விளக்கு எரிந்தால் வீட்டிலுள்ளவர் எட்டிப் பார்ப்பார். விடியும்வரை எரியும் விளக்கை எவரும் பார்ப்பதில்லை.

வாங்குபவர்கள் பெட்டியில் வாற்றைப் பார்ப்பதை விட்டு லூமனைப் பார்க்க வேண்டும். 500 வாற்று ஹலோஜன் குழாய் தந்தது 9,500 லூமன் அளவில். இன்றைய சாதாரண எல்.ஈ.டி. வாற்றுக்கு 100 லூமன் வரை தருகிறது. ஆகவே ‘50 வாற்று, 500 வாற்றுக்குச் சமம்’ என்ற விளம்பரத்தைக் கணக்கு ஏற்றுக்கொள்ளாது. ஆனால் சிறிய முற்றத்துக்கு அந்த 9,500 லூமன் எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை. 1,500 அல்லது 2,000 போதும். மழை படும் இடமாயின் ஐ.பி. 65 என்ற குறியீடு இருக்க வேண்டும். எல்.ஈ.டி. பல்லாயிரம் மணித்தியாலம் எரியும் என்பது உண்மை; ஆனால் அதனுடன் இணைந்துள்ள மின்வழங்கிச் சுற்று வெப்பத்தாலும் இடிமின்னலாலும் முன்னரே செத்துவிடும். பெட்டியின் முதுகில் தடித்த அலுமினியத் தகடுகள் உள்ளதையே தெரிவு செய்வது நல்லது. பழைய குழாயை விட்டுவிட்டு அதே பெட்டிக்குள் எல்.ஈ.டி. குழாயைச் செருகுபவர்களும் உண்டு. மூடிய பெட்டிக்குள் அதன் வெப்பம் வெளியேற வழியில்லை. பெட்டியோடு மாற்றுவதே முறை.

ஒளியைக் கட்டுப்படுத்துவது புதிய எண்ணமும் அன்று. அரிசோனாவின் ஃபிளாக்ஸ்ராஃப் நகரம் 1958 இலேயே, விளம்பரத்துக்காக வானத்தில் ஒளிபாய்ச்சும் விளக்குகளைத் தடைசெய்தது. அங்குள்ள வானாய்வு நிலையத்தின் நலன் கருதியே அவ்வாறு செய்தார்கள். எமது தென்கரையில் றெக்கவ கடற்கரைக்கு முட்டையிட வரும் ஆமைகளுக்கு வானாய்வு நிலையம் தெரியாது. குஞ்சுகள் மணலைக் கிளறி வெளியே வந்ததும், இருட்டில் மெல்ல ஒளிரும் கடல்விளிம்பை நோக்கி ஓடுமாறு பிறவியிலேயே பழக்கப்பட்டவை. கரையில் ஒரு பிளட் லைற் எரிந்தால் அவை தரையை நோக்கி ஓடும். விடியும்போது காகங்கள் காத்திருக்கும். கடற்கரையோரம் வீடோ விடுதியோ வைத்திருப்பவர்கள் விளக்கு மாற்றும் போது செம்மஞ்சள் நிறத்தையும் தாழ்ந்த மூடியையும் தேடுவது இதனாலேயே.

கழற்றிய பழைய ஹலோஜனில் இரசம் இல்லை. சுருள் வடிவச் சி.எஃப்.எல். குமிழில்தான் அது உண்டு. அதனை உடைத்துக் குப்பையில் போடலாகாது. ஹலோஜன் குழாயைத் துணியில் சுற்றிக் குப்பையோடு விடலாம். அலுமினியப் பெட்டியை மட்டும் எறிந்துவிட வேண்டாம். பழைய இரும்பு எடுக்க வருபவர் இரும்பை விடக் கூடிய விலைக்கு அதனை நிறுத்து எடுப்பார். தபாலதிபரின் பெட்டியையும் அவரே கொண்டு போனார்.